மார்புக்குள் ஒரு கட்டி, கண் இமையில் ஒரு சோர்வு

(நமது சங்கத்தின் ஜீடிமெட்லா கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கோ. ஆனால் சர்க்கரையும் பிரஷரும் மட்டும் வேண்டாம், கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு சுரப்பியையும், அதில் வரும் ஒரு கட்டியையும், அந்தக் கட்டியால் வரும் ஒரு வியாதியையும் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, ரிடையர் ஆனவன். மூன்று வருஷங்களுக்கு முன்பு என் மைத்துனருக்கு இந்த வியாதி வந்தது. அப்போதிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து, டாக்டர்களிடம் கேட்டு, புரிந்துகொண்டதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வைத்தியம் என்று வரும்போது உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

தைமஸ் என்னும் பயிற்சிக் கூடம்

கழுத்துக்குக் கீழே இரண்டு காறை எலும்புகளும் சேரும் பள்ளத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து நாலு விரற்கடை கீழே, மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே இருப்பதுதான் தைமஸ் சுரப்பி. குழந்தைப் பருவத்தில் உடம்பின் அளவுக்கு இது மிகப் பெரியது. பருவ வயதில் 30, 40 கிராம் வரை இருக்கும். பிறகு வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்து, நம் வயதில் பெரும்பாலும் வெறும் கொழுப்பாக மாறிவிடுகிறது.

பெரியவர்களுக்குச் சுருங்கிப் போவதாலேயே இது உபயோகமற்ற உறுப்பு என்று வைத்தியர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருப்பதே ஒரு வியாதி, அதனால்தான் சில குழந்தைகள் திடீரென்று மூச்சடைத்து இறந்துபோகின்றன என்று சொல்லி, மேல்நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மார்பில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி அதைச் சுருக்கினார்கள். அப்படிச் செய்யப்பட்ட குழந்தைகளில் சிலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வருவது 1950ஐ ஒட்டித்தான் தெரிய வந்தது. உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ் இருக்க வேண்டிய அளவில்தான் இருந்தது. வைத்தியர்கள் அளவுகோலாக வைத்திருந்தது, நீண்ட நாள் நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களின் சுருங்கிப்போன தைமஸை!

1961ல்தான் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி லண்டனில் இதற்கு விடை கண்டார். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை கொஞ்ச நாளில் தொற்று நோய்கள் வந்து இறந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால், அந்நியப் பொருள் என்று தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. அதாவது, தன்னுடையது எது, அந்நியம் எது என்று பிரித்தறியும் சக்தியே அவற்றுக்கு இல்லை. அந்தச் சக்தியைத் தரும் இடம் தைமஸ்தான் என்று அப்போதுதான் உலகத்துக்குப் புரிந்தது.

அரசாங்கத்தில் இருந்தவன் ஆதலால் எனக்கு இது போலீஸ் பயிற்சிக் கல்லூரியைப் போலத் தோன்றும். எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் அணுக்கள் ஆட்சேர்ப்புக்கு வருகிற மாதிரி தைமஸுக்கு வருகின்றன. அங்கே இரண்டு பரீட்சை. முதலாவது, வேலை செய்யும் திறமை இருக்கிறதா? இரண்டாவது, நம் உடம்பையே எதிரி என்று நினைக்கும் குணம் இருக்கிறதா? இரண்டாவது பரீட்சைக்காகவே தைமஸின் உள்பகுதியில் உள்ள அணுக்கள் உடம்பின் பல பாகங்களைச் சேர்ந்த புரதங்களின் மாதிரிகளைத் தயாரித்து, பயிற்சியாளர்களிடம் காட்டுகின்றன. அதைப் பார்த்துக் கையை ஓங்குகிறவன் அங்கேயே ஒழிக்கப்படுகிறான். உள்ளே வருகிற 100 பேரில் 95க்கும் மேல் வெளியே வருவதே இல்லை. தேறியவர்களுக்குத்தான் டி அணுக்கள் என்ற உத்தியோகம். இவ்வளவு கண்டிப்பான தேர்வு எந்தத் தேர்வாணையத்திலும் கிடையாது.

"சாதுவான கட்டி" என்ற சர்டிபிகேட்

தைமஸில் வருகிற கட்டிக்குத் தைமோமா என்று பெயர். மிகவும் அபூர்வம், ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஓரிருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல். மெதுவாக வளரும். வலி இருக்காது. வேறு காரணத்துக்காக மார்பு எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதுதான் அதிகம்.

பழைய வைத்தியப் புத்தகங்களில், கட்டி தன் உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதைச் "சாதுவான கட்டி" என்று எழுதியிருப்பார்கள். இன்றும் பல பேர் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் தைமோமாவுக்கு அந்த நற்சான்றிதழ் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரியும் அணுக்களைப் பார்த்து ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று பிரிக்கிறார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு, 1981ல் மசவோக்கா என்ற ஜப்பானிய சர்ஜன் வகுத்த படிநிலைகள் இருக்கின்றன. உறைக்குள் இருக்கும் கட்டியை முழுவதும் எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. ஆனால் மிகச் சாதுவாகத் தெரிந்த கட்டிகூடப் பத்து வருஷம் கழித்துத் தலைகாட்டியது உண்டு என்பதால், எந்தத் தைமோமாவையும் "இது ஒன்றும் செய்யாது" என்று யாரும் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை.

இது கட்டியாக இருந்து செய்யும் கெடுதல். இன்னொரு கெடுதல் இருக்கிறது. அது மார்பில் தெரியாது, கண்ணில் தெரியும்.

சாயங்காலம் சரியும் இமை

மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு வியாதி. தமிழில் கடுமையான தசைச் சோர்வு நோய் எனலாம். தைமோமா உள்ள 100 பேரில் சுமார் 30 பேருக்கு இந்த வியாதி இருக்கும். திருப்பிப் பார்த்தால், இந்த வியாதி உள்ள 100 பேரில் 10 முதல் 15 பேருக்குத் தைமோமா இருக்கும்.

இதன் லட்சணமே, காலையில் நன்றாக இருந்துவிட்டுப் பொழுது போகப் போகச் சோர்வதுதான். எந்தத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அது சோரும். ஓய்வு கொடுத்தால் மறுபடி வரும். வலி கிடையாது, மரமரப்பு கிடையாது, நினைவு தப்பாது. அதனால்தான் யாரும் இதை வியாதி என்றே நினைப்பதில்லை.

நம் வீடுகளில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது ஒரு கண் இமை கீழே இறங்கும். ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் சாம்பார் சாதம் வரை சரியாக மென்றுவிட்டு, மோர் சாதத்துக்கு வரும்போது தாடை ஓய்ந்துபோகும். கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு சாப்பிடுவார்கள். ரசம் குடித்தால் மூக்கு வழியாக வரும். ஸஹஸ்ரநாமம் கணீரென்று ஆரம்பித்து, நூறு நாமாவளி தாண்டுவதற்குள் குரல் மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மாமிகளுக்குத் தலை பின்னக் கை தூக்க முடியாது. கடைசியில் மூச்சு விடும் தசைகளே சோர்ந்துபோனால் அது உயிராபத்து, உடனே ஐ.சி.யூ.வில் சேர்த்து வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கும்.

நம் தேசத்தில் இந்த வியாதியின் பெயர் பரவியது 1984ல். அமிதாப் பச்சனுக்கு இது வந்திருப்பதாகப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தி வந்தது. அதற்கப்புறம் அவர் எத்தனை வருஷம், எத்தனை படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாதியைக் கண்டுபிடித்து மருந்து சாப்பிட்டால் வாழ்க்கை நின்றுவிடாது என்பதற்கு அவரைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். ஆனால் கோடீஸ்வரராக இருந்தும் கஷ்டப்பட்டவர்கள் உண்டு. கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸ், கடைசிக் காலத்தில் இமைகளை ஒட்டும் டேப்பால் தூக்கி ஒட்டிக்கொண்டு நடமாடினார். 1975ல் காலமானார்.

தங்கப் பாம்பு சொன்ன ரகசியம்

இந்த வியாதிக்கும் தைமஸுக்கும் சம்பந்தம் இருப்பதை 1901லேயே ஜெர்மனியில் வைகெர்ட் என்ற நோய்க்குறியியல் நிபுணர், இறந்துபோன ஒருவரின் உடலைப் பரிசோதித்தபோது கவனித்தார். ஆனால் காரணம் புரியவில்லை.

1934ல் லண்டனில் கிரீனிச் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். பெரிய பதவி இல்லை, ஆராய்ச்சிக்கூடம் இல்லை. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரே விஷம் ஏறியவர் மாதிரியே இந்த நோயாளிகள் இருக்கிறார்களே, குராரேவுக்கு மாற்று மருந்து பைசோஸ்டிக்மின் ஆயிற்றே, அதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சரிந்திருந்த இமை மேலே போயிற்று. மருந்து தீர்ந்ததும் இமை மறுபடி இறங்கியது. இன்றைக்கு நோயாளிகள் வேளா வேளைக்குச் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை, அந்த வம்சத்தில் வந்ததுதான்.

1936ல் அமெரிக்காவில், நாஷ்வில் நகரில் ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற சர்ஜன், இந்த வியாதியால் வருஷக்கணக்கில் அவதிப்பட்ட 19 வயதுப் பெண் ஒருத்தியின் மார்பைத் திறந்து தைமஸ் கட்டியை எடுத்தார். அவளுக்கு வியாதி நன்றாகக் குறைந்தது. பிற்காலத்தில் நீலக் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்து உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். அந்தப் பெண்ணின் விஷயத்தை 1939ல் பிரசுரித்தார். 1940களில், கட்டியே இல்லாத நோயாளிகளுக்கும் தைமஸை எடுக்கத் தொடங்கினார்.

ஆனால் ஏன் குறைகிறது? அதற்கான விடைக்கு நம் தெலுங்கு தேசத்துப் பாம்பு ஒன்றின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்து 1796ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு விரியனுக்கு இங்கே ஜனங்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்: பங்காரு பாமு, அதாவது தங்கப் பாம்பு. அதிலிருந்துதான் கட்டுவிரியன் இனம் முழுவதற்கும் பங்காரஸ் என்ற விஞ்ஞானப் பெயர் வந்தது. 1963ல் தைவானில் இரண்டு விஞ்ஞானிகள் அந்த ஊர்க் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஆல்ஃபா பங்காரோடாக்ஸின் என்று பெயர்.

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியாகி, தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் தசை அசையும். நரம்பு தபால்காரர், ஏற்பி வீட்டு வாசல் தபால் பெட்டி. இந்தப் பாம்பு விஷம் அந்தத் தபால் பெட்டியில் போய் ஒட்டிக்கொண்டால் பிறகு விடவே விடாது. ஆகவே விஷத்தில் கொஞ்சம் கதிரியக்கத்தைச் சேர்த்துவிட்டால், ஒரு தசையில் எத்தனை தபால் பெட்டிகள் இருக்கின்றன என்று எண்ணிவிடலாம்! 1973ல் அமெரிக்காவில் மூன்று பேர் அப்படி எண்ணினார்கள்: ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி. மூன்றாவது பெயரைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். நோயாளிகளின் தசையில் தபால் பெட்டிகள் சாதாரணமாக இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு என்று கண்டார்கள். அதே வருஷம் பாட்ரிக், லின்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர், மின்சார விலாங்கு மீனின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்தது. அந்த ஆன்டிபாடி முயலின் சொந்த ஏற்பிகளையே தாக்கி, முயல்கள் துவண்டு விழுந்தன.

1960லேயே சிம்ப்ஸன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இது உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வியாதியாக இருக்கலாம் என்று ஊகித்து எழுதியிருந்தார். அது சரி என்று நிரூபணம் ஆயிற்று. இந்த வியாதி உள்ள தாய்க்குப் பிறக்கும் சில குழந்தைகள் சில வாரங்கள் துவண்டு கிடந்துவிட்டுத் தானாகவே சரியாகிவிடும். தாயின் ரத்தத்திலிருந்து வந்த ஆன்டிபாடி தீரும் வரைதான் அந்தச் சோர்வு.

கட்டி ஏன் இப்படிச் செய்கிறது?

முன்பு சொன்ன பயிற்சிக் கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். தைமோமா என்பது அனுமதி வாங்காமல் கட்டிய கூடுதல் கட்டிடம். அங்கேயும் ஆட்சேர்ப்பு நடக்கிறது. இளம் டி அணுக்கள் கும்பல் கும்பலாக உருவாகின்றன. ஆனால் இரண்டாவது பரீட்சை நடத்தும் ஹாலே இல்லை. உடம்பின் மாதிரிப் புரதங்களைக் காட்டுவதற்கு அயர் என்ற மரபணு வேலை செய்ய வேண்டும். பெரும்பாலான தைமோமாக்களில் அது வேலை செய்வதில்லை. தவறு செய்கிறவர்களைத் தட்டிக்கேட்கும் கண்காணிப்பு அணுக்களும் அங்கே சரியாக உருவாவதில்லை. ஆகவே பரீட்சை எழுதாதவர்கள் கையில் லத்தியோடு வெளியே போய்விடுகிறார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களை அவர்கள் தூண்டிவிடுகிறார்கள்.

தசைச் சோர்வு மட்டும் அல்ல. தைமோமா உள்ளவர்களில் சிலருக்கு எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைத் தயாரிப்பதையே நிறுத்திவிடும். சிலருக்கு நோய் எதிர்ப்புப் புரதங்களே குறைந்துபோய் அடிக்கடி சளியும் நிமோனியாவும் வரும்; இதை 1954ல் விவரித்த டாக்டரின் பெயரால் குட் சிண்ட்ரோம் என்பார்கள். தோலில் கொப்புளம், மூளை அழற்சி என்று இன்னும் சில உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தன்னுடல் தாக்கு நோய்கள், ஆட்டோ இம்யூன் வியாதிகள் என்கிறார்கள்.

எங்கள் வீட்டு அனுபவம்

என் மைத்துனருக்கு அப்போது வயது 61. தினமும் ருத்ரம் சொல்கிறவர். ஒரு நாள் மன்னி, "ஏன்னா, ஒரு கண்ணை மட்டும் ஏன் பாதி மூடிண்டு பாக்கறேள்?" என்று கேட்டிருக்கிறாள். வயசாச்சு என்றார். இரண்டு மாதத்தில் எதிரே வரும் ஆட்டோ இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்றினார்கள். பிறகு காடராக்ட் ஆபரேஷனும் ஆயிற்று. ஆனாலும் சாயங்காலமானால் எல்லாம் இரண்டிரண்டு. அப்புறம் ருத்ரத்தில் பாதிக்கு மேல் குரல் வரவில்லை. பற்கள் காரணம் என்று பல் டாக்டரிடம் போனார். இப்படி ஒன்பது மாதம் போய்விட்டது. கடைசியில் ஒரு ஜெனரல் பிசிஷியன், "மேலே பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று ஒரு நிமிஷம் உட்கார வைத்தார். அவர் கண் முன்னாலேயே இமை மெதுவாக இறங்கியது. உடனே நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்.

ரத்தத்தில் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. மார்பு சி.டி. எடுத்ததில் மார்பெலும்புக்குப் பின்னால் 4 சென்டிமீட்டர் கட்டி. ஸ்கேனில் பார்த்தால் உறைக்குள் அடங்கின, சாதுவான கட்டி மாதிரிதான் இருக்கிறது என்று சொன்னார்கள். ஆபரேஷன் என்றதும் வீட்டில் பெரிய விவாதம். என் மாமியாருக்கு அப்போது 86 வயது. "கெடுதல் இல்லாத கட்டின்னு டாக்டரே சொல்றார். அப்புறம் எதுக்குடா நெஞ்சைப் பிளக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சர்ஜன் பொறுமையாக விளக்கினார். ஸ்கேனை மட்டும் வைத்து உறையைத் தாண்டவில்லை என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. விட்டு வைத்தால் மெதுவாகப் பெரிதாகி நுரையீரல் உறைக்கும் இருதய உறைக்கும் பரவலாம். அப்போது முழுவதும் எடுப்பது கஷ்டம். முழுவதும் எடுக்க முடிகிறபோதே எடுப்பதுதான் முக்கியம். தசைச் சோர்வும் குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் உடனே சரியாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வாக்குக் கொடுக்காத டாக்டரிடம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் மருந்துகளும் இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுத் தசை சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த முன்னேற்பாடு. பிறகு மார்பெலும்பைத் திறந்து, கட்டியோடு தைமஸ் முழுவதையும் எடுத்தார்கள். பரிசோதனையில் உறைக்குள்ளேயே இருந்தது தெரிந்தது. இப்போது மூன்று வருஷம் ஆகிறது. மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன். ருத்ரத்தை நடுவில் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொண்டு முழுவதும் சொல்கிறார். வியாதி போய்விட்டது என்று சொல்ல முடியாது, அடங்கியிருக்கிறது.

கட்டி இல்லாதவர்களுக்கும் தைமஸை எடுப்பதால் பலன் உண்டா என்பது பல காலம் சர்ச்சையாக இருந்தது. பல நாடுகளில் 126 நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2016ல் வந்தது. வெறும் மருந்து சாப்பிட்டவர்களைவிட, தைமஸையும் எடுத்துக்கொண்டவர்கள் மூன்று வருஷத்தில் பலமாக இருந்தார்கள், ஸ்டீராய்டும் குறைவாகப் போதுமானதாக இருந்தது என்று கண்டார்கள். இப்போது சின்னத் துளை போட்டும் ரோபோ கொண்டும் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். ஆன்டிபாடியையே குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் 2017க்குப் பிறகு வந்திருக்கின்றன, விலைதான் ஏராளம்.

மருந்துகளில் ஜாக்கிரதை

இது ஜீடிமெட்லா. நம் தொழிற்பேட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் மருந்துகளின் மூலப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலைகள் எத்தனை! இங்கே இருக்கிற பல பேர் அந்தத் துறையில் உழைத்தவர்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு உயிர் கொடுக்கும் அதே மருந்துகளில் சில, இந்த நோயாளிகளுக்கு ஆகாது.

சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைச் சோர்வை அதிகமாக்கலாம் என்று 2011ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், அசித்ரோமைசின், ரத்தத்தில் செலுத்தும் மெக்னீஷியம், குவினைன், பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில பீட்டா பிளாக்கர்கள் ஆகியவற்றிலும் ஜாக்கிரதை வேண்டும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட பீட்டா பிளாக்கர்தான். நம் வயதுக்காரர்கள் பலர் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் யாரும் பயந்துகொண்டு மருந்தை நிறுத்த வேண்டாம். இந்த வியாதி உள்ளவர்கள் மட்டும், எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், முதல் வார்த்தையாக வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்வது உத்தமம். மருந்துக் கடையில் சொல்லித் தாமாக ஆன்டிபயாடிக் வாங்குவது கூடவே கூடாது.

இன்னொன்று, நம் குழந்தைகள் நைரோபி, தார் எஸ் சலாம் என்று ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கிறார்கள், நாமும் போகிறோம். அதற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள நாராயணகூடாவுக்குப் போகிறோம். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. தைமோமா, மயஸ்தீனியா உள்ளவர்களும் அதற்காகத் தைமஸை எடுத்துக்கொண்டவர்களும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அங்கே டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முடிவாக

இத்தனையும் சொன்னது யாரையும் பயமுறுத்த அல்ல. இமை சரிகிற எல்லோருக்கும் இந்த வியாதி இல்லை. வயதினால் சரிவதும் உண்டு, பக்கவாதத்தாலோ சர்க்கரையாலோ வருவதும் உண்டு. திடீரென்று சரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். ஆனால் காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் சரிகிறது, ஓய்வெடுத்தால் சரியாகிறது என்றால், "வயசாச்சு" என்று தள்ளிவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் போங்கள். மயஸ்தீனியா என்று தெரிந்தால் மார்பு ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். அதேபோல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தைமஸ் கட்டி தெரிந்தால், "சாதுவான கட்டி" என்ற வார்த்தையைக் கேட்டதும் பைலை மூடிவிடாதீர்கள். இமை, குரல், மென்று விழுங்குவது, ரத்த சோகை, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே இது தெரிந்திருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பவர் தயாராக இருக்க முடியும். கட்டியை எடுத்த பிறகும் சிலருக்கு இந்த வியாதி புதிதாக வருவது உண்டு. அதனால் கண்காணிப்பை விடக் கூடாது.

வெளியூர்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனியாக இருக்கும் பெற்றோருடன் வீடியோவில் பேசுகிற பிள்ளைகளும் பெண்களும், காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இமையும் குரலும் இரண்டு வேளையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.